ஓரத்தில் எண் இல்லாத பிலிம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலையும் காதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலமாகவே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே என்னைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் இந்த மனுஷனுக்குக் கடிதம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நீ நினைப்பாய். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்ல வராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனைக் கையில் எடுத்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே மழையா என்ற மூன்றைத் தவிர நாலாவது கேள்வி எனக்கு வருவதில்லை. நீயே ஒருநாள் குட்டியிடம், தாத்தா இப்ப மழையான்னு கேப்பாரு பாரு என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. காது மந்தம்தான், ஆனாலும் விழ வேண்டியது விழுந்துவிடுகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். இந்த உறைக்குள் கடிதத்தோடு இன்னும் இரண்டு சின்ன உறைகள் இருக்கும். படித்து முடிக்கும்வரை அவற்றைப் பிரிக்காதே. விஷயம் அந்த மொட்டை மாடிப் பிலிமைப் பற்றியது, உன் அம்மாவை நீ எடுத்த முப்பத்தாறு படம். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன், இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அது விட்டுப்போகும். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டியது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, குழாய்க்கும் உங்களுக்கும் ஒரே பிரச்சினைதான் சார், வாஷர் தேஞ்சுபோச்சு என்றார். குழாய்க்கு மட்டும் வாஷர் மாற்றினார், என்னை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். கீழ் வீட்டுத் தையல்காரம்மா மோட்டார் வைத்த புது மிஷின் வாங்கியிருக்கிறார். பழைய மிஷின் கடகடவென்று ஓடும்போது கீழே ஆள் இருக்கிறது என்று தெரியும், இது சத்தமே போடுவதில்லை. அவருக்கு நல்லதுதான், எனக்குத்தான் என்னவோ கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. தொழிற்சாலையில் என்னோடு பரிசோதனைப் பிரிவில் இருந்தவர், நீ சின்ன வயதில் பம்பு மாமா என்று கூப்பிடுவாயே அவர், மகனோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் ஊரில் உள்ளவர்களையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இப்போது ஊர் அப்படியேதான் இருக்கிறது, குறையைக் கேட்கத்தான் ஆளில்லை. அதனால் பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ஆனால் நின்றுகொண்டே. ஒரே ஆளுக்காக மேஜையைத் துடைத்து, தட்டு வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது ஏதோ நாடகம் போடுகிற மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால்தான் இதையும் எழுதுகிறேன், நீ வருத்தப்பட வேண்டும் என்று இல்லை. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வாரத்தில் என்னைத் தேடிக்கொண்டு வருகிற குரல் என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற உன் போன் ஒன்றுதான். இதைப் படித்த பிறகு அந்தப் போன் வராமல் போனாலும் போகலாம். அதை நினைத்தே பதினான்கு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்காது, உனக்கு அது சாதாரணப் பேச்சு. மாப்பிள்ளை உன் பிறந்த நாளுக்குப் பழைய பிலிம் கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தார் என்று குட்டி சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை பிலிமை உன் கையில் கொடுத்து, நீயே மாட்டு என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நீ சிரித்துக்கொண்டே, ஐயோ வேண்டவே வேண்டாம், நான் எங்கம்மாவோட முப்பத்தாறு படத்தையும் பாழாக்கினவ, எனக்கு அந்தக் கைராசியே கிடையாது என்றாய். குட்டி உடனே ஓட்டைக் கை அம்மா, ஓட்டைக் கை அம்மா என்று ராகம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள், நீயும் சிரித்தாய். நான் அங்கே மழையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்து, காஸ் வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். கண்ணு, அந்த விஷயத்தைச் சிரித்துச் சொல்லும் அளவுக்கு நீ பழகிவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறாய். குட்டிக்கு நகம் வெட்டக்கூட மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாய். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாய். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பிலிம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் கையை நீயே நம்பாமல் இருக்க முதன்முதலில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

உனக்குத் தெரிந்த கதையை நீ சொல்லிவிட்டாய், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். உனக்கு அப்போது பத்தொன்பது. வெளியூர்ப் படிப்புக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. உன் அம்மா கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிறவள். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறதாம், அதற்காக வாயில் கையை வைத்துக்கொள்வாள். எங்கள் கல்யாணப் படத்தில்கூடத் தும்மல் வந்தவள் மாதிரிதான் இருப்பாள். நீ ஊருக்குப் போகிறாய் என்பதற்காக அன்றைக்கு ஒருநாள் மனசு வைத்தாள். மாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து நீ படம் எடுத்தாய், நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து படம் வரைக்கும் கை வாயில்தான் இருந்தது. அப்புறம் நீ என்ன சொன்னாயோ தெரியாது, கையை எடுத்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழட்டி வைத்த என் செருப்பைக் காட்டி, இதையும் ஒண்ணு எடு, இவருக்கு ஞாபகார்த்தமா இருக்கும் என்றாள். கடைசியில் உன் கையிலிருந்து கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, நான் இதுக்குள்ள எங்கடி இருக்கேன் என்று கேட்டாள். முப்பத்தாறு படமும் அவள்தான், செருப்பு ஒன்றைத் தவிர.

மறுநாள் காலையில் கழுவ உட்கார்ந்தேன். நம் வீட்டில் பிலிம் கழுவுவது எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். குளியலறையின் காற்றுச் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, கதவடியில் துண்டைத் திணித்து, கண் தெரியாத இருட்டில் பிலிமை ரீலில் சுற்றி டாங்க்கில் போட்டு மூடுவது என் வேலை. மூடிய பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். வெளியே கதவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் உள்ளே டாங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவேன். முதலில் டெவலப்பர், அதுதான் படத்தை வெளியே கொண்டுவருவது. ஒன்பது நிமிஷம். பிறகு ஹைப்போ, அது படமாகாமல் மிச்சமிருக்கிறதைக் கரைத்துவிட்டு, வந்த படத்தை நிலைக்க வைப்பது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் தண்ணீரில் அலசல். இரண்டு மருந்தும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டிலில் இருக்கும். எழுதிய சீட்டு தண்ணீர் பட்டு அழிந்துவிடுகிறது என்று உன் அம்மாதான் ஒரு வழி செய்திருந்தாள். டெவலப்பர் பாட்டில் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட், ஹைப்போவுக்கு இரண்டு. அன்றைக்குக் காற்றுச் சன்னல் துணி நழுவிக்கொண்டே இருந்தது. அதை ஆணியில் சேர்த்துக் கட்ட, கைக்கு அகப்பட்டது என்று ஹைப்போ பாட்டிலிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவிக்கொண்டேன். விளக்கைப் போட்ட பிறகு பார்த்தால் இரண்டு பாட்டிலுக்கும் ஒவ்வொன்று. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கலாம், எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. கதவுக்கு வெளியே இருந்தவளிடம் கொடுத்து எது என்று கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாகப் பம்பு பரிசோதிக்கிறவனுக்குப் பாட்டில் தெரியாதா என்ற எண்ணம். இடது பக்கத்தில் இருந்ததை எடுத்து ஊற்றினேன்.

ஒரு நிமிஷம் என்று சொல்ல வேண்டியவள் அதைச் சொல்லாமல், என்னங்க, புளிச்ச வாடை இப்பவே வருதே, அது கடைசியிலதானே வரும் என்றாள். கண்ணு, இதை மட்டும் இரண்டு தரம் படி. அவள் சொன்னது முதல் நிமிஷத்தில். அப்போதே அதைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அலசி மற்ற பாட்டிலை ஊற்றியிருந்தால், நிழல் மாதிரியாவது ஏதோ மிஞ்சியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் வேலை மணி சொல்றது, அதைப் பாரு என்றேன்.  அவள் ரெண்டு நிமிஷம் என்றாள். ஒன்பது வரைக்கும் சொன்னாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அலசி முடித்து ரீலிலிருந்து பிலிமை இழுத்தேன். கண்ணாடி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கீறல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. முதலில் ஊற்றியது ஹைப்போ என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, யோசிக்க ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. நீ ஓடி வந்து கதவில் நின்று, வந்திருக்காப்பா, அம்மா சிரிச்சது வந்திருக்கா என்றாய். பார்த்தாயா, நடந்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் ஒருத்தனுக்கு வாய்க்காது. நான், படமே விழலை கண்ணு, பிலிம் உள்ள நகரவே இல்லை, நீ பிலிம் முனையில இருக்கிற நாக்கைச் சரியா மாட்டலை என்றேன். நீ சட்டென்று, இல்லப்பா, ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் இந்தப் பக்கத்துக் குமிழும் சேர்ந்து சுத்துச்சு, நான் பார்த்தேன் என்றாய். பிலிம் நகர்ந்தால்தான் அந்தக் குமிழ் சுற்றும், அதைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும் என்று உனக்குக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். அது தெரிந்தும், பார்த்த மாதிரி தோணியிருக்கும் என்றேன். உன் முகம் எப்படிச் சுருங்கியது என்று இப்போதும் தெரிகிறது. தோணியிருக்குமோ என்று நீயே மெதுவாகச் சொல்லிக்கொண்டாய்.

உன் அம்மா உனக்குப் பின்னால் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உன் தோளில் கையை வைத்து, விடுடி, இன்னொரு நாள் எடுத்துக்கலாம், நான் எங்க ஓடப்போறேன் என்றாள். அப்போதைக்கு அது அவ்வளவு சின்ன விஷயம்தான். ஒரு பிலிம், ஒரு காலை நேரம், வாய் தவறி வந்த ஒரு பொய். அன்று மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம், ஓரத்துல நம்பர் இல்லையே என்றாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா, பிலிமை ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போடுகிறவள் அவள்தானே. பிலிமின் ஓரத்தில் ஒன்று இரண்டு என்று சின்னதாக எண்கள் ஓடும், அவற்றைப் பார்த்துத்தான் வெட்டுவாள். அந்த எண்கள் பிலிம் செய்கிற இடத்திலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புவது. கேமராவில் ஒரு படம்கூட விழாவிட்டாலும் டெவலப்பரில் போட்டால் எண்கள் வந்தே தீரும். எண்ணும் இல்லை என்றால் குற்றம் கேமராவில் இல்லை, குளியலறையில்.  அவள் சண்டை போடவில்லை. அது ஊருக்குப் போறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க, நான் சொல்ல மாட்டேன், அது உங்க வாயால வரணும் என்றாள். சரி என்றேன். நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனேன், நீ வெள்ளிக்கிழமை ரயில் ஏறிவிட்டாய். அதன் பிறகு உனக்குக் கடிதம் எழுத நான் உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, எழுதிட்டீங்களா என்று மட்டும் கேட்பாள். மூன்றாவது மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள், நீ வந்து சேருவதற்கு முந்தின நாள், கண்ணைத் திறந்து, சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன். நல்லது என்று என் விரலை அழுத்தினாள். உன்னிடம் சொன்ன பொய்யைவிட அதுதான் என்னைத் தின்கிறது. அவள் போன பிறகு சுவரில் மாட்டப் படம் தேடினோம். அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலக அடையாள அட்டையில் இருந்ததுதான் கிடைத்தது, தோளில் பாதி முத்திரையோடு அதைப் பெரிதாக்கி மாட்டினோம். அன்றைக்கு நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் மட்டும் ஒழுங்கா மாட்டியிருந்தா என்று அழுதாய். உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பொய்யாக இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், இப்போது இது ரொம்பப் பெரிது என்று நினைத்துக்கொண்டே உன் தலையைத் தடவினேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு பம்புக்கும் நான் நிரப்பிய படிவத்தில் பிழை யாருடையது என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் பெயரை எழுதியிருப்பேன், ஒருநாளும் கை நடுங்கியதில்லை.

போன திங்கட்கிழமை பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். தையல்காரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார், இந்த வயசுல மேல ஏறுறதைவிட இறங்குறதுதான் சார் கஷ்டம் என்றார். அவள் போனதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. உன் பழைய கேமரா, டாங்க், கடிகாரம், கீழே அவள் அடுக்கி வைத்த பிலிம் உறைகள். ஒவ்வொரு உறை மேலும் தேதி போட்டு, எடுத்தது யார், கழுவியது யார் என்று எழுதி வைப்பாளே. கடைசி உறையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அந்தக் கண்ணாடிப் பிலிமை நான் குப்பையில் போட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் எடுத்து, வெட்டுவதற்கு எண் இல்லாததால் அடிக்கோல் வைத்து அளந்து, ஆறு துண்டாக வெட்டிப் போட்டு வைத்திருக்கிறாள். உறை மேல், மாடியில் நான், 36 படம் என்று எழுதியிருக்கிறாள். எடுத்தது மகள். கழுவியது அவர். அதற்குக் கீழே வேறு எந்த உறையிலும் இல்லாத மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது, என் படிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிழை என்று எழுதி, பக்கத்தில் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். என் பெயரை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். எழுதவில்லை, எனக்காக விட்டு வைத்திருக்கிறாள்.

அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாயால் சொன்னால் உன்னைச் சமாதானப்படுத்தக் கிழவன் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் என்று நீ நினைத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். அதனால் புதுப் பிலிமும் மருந்தும் தபாலில் வரவழைத்தேன். உன் கேமராவில் பிலிமின் நாக்கை வேண்டுமென்றே மாட்டாமல் மூடினேன், அதாவது நீ செய்ததாக நான் சொன்ன தப்பை நானே செய்தேன். மாடிக்குப் போய் அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு, காலி நாற்காலியை முப்பத்தாறு தடவை எடுத்தேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. குமிழ் ஒரு தடவைகூட அசையவில்லை. பிறகு கீழே வந்து கழுவினேன். இந்தத் தடவை இரண்டு பாட்டிலையும் முகர்ந்து பார்த்தேன், ஒன்றுக்கு இரண்டு ரப்பர் பேண்ட் போட்டேன். முக்காலியைக் கதவுக்கு வெளியே அதன் இடத்தில் வைத்து அதன்மேல் கடிகாரத்தை வைத்தேன். கதவைத் திறந்து வைத்தும் உள்ளே இருந்து முள் தெரியவில்லை, நானே எண்ண வேண்டியதாயிற்று. ஒரு நிமிஷம் என்று சத்தமாகச் சொன்னபோது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. ஒன்பது வரைக்கும் சொன்னேன். பிறகு ஹைப்போ, பிறகு அலசல். அலசலை மட்டும் அரை மணிக்குப் பதில் ஒரு மணி நேரம் செய்தேன். ஹைப்போ போகாத பிலிம் அப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கும், வருஷம் போகப் போகத்தான் கறை ஏறும். தையல்காரம்மா மேலே வந்து, பேச்சுக் குரல் கேட்டுதே, யாராச்சும் வந்திருக்காங்களா சார் என்றார். யாரும் இல்லை, நிமிஷம் எண்ணிட்டிருந்தேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, நிமிஷத்தையா எண்ணுறீங்க, நான் என் பையன் லீவுல வர்ற நாளை எண்ணிட்டிருக்கேன் என்றார். இரண்டு பேரும் காபி குடித்தோம், உட்கார்ந்துதான். பிலிமைத் துணிக் கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டு, கீழ் முனையில் இன்னொரு கவ்வியை மாட்டிக் காய வைத்தேன். ஒரு படமும் இல்லாத பிலிம், ஆனால் ஓரம் முழுக்க ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண்கள். இவ்வளவுதான் கண்ணு. நீ தப்பு செய்திருந்தால் அன்றைக்கு என் கையில் வந்திருக்க வேண்டியது இந்தப் பிலிம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை சரியாக அமையவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் கோபப்படு, ஞாயிற்றுக்கிழமை பேச மனசு வராவிட்டால் பேசாதே, எத்தனை ஞாயிறு ஆனாலும் ஆகட்டும், நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். அம்மாவின் படம் திரும்பி வராது, அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான் மிச்சம், அதைக் குட்டியிடம் நீதான் சொல்ல வேண்டும். ஓட்டைக் கை என்று அவள் பாடினால், அது தாத்தாவோட கை என்று திருத்திச் சொல்லிக் கொடு. மாப்பிள்ளையிடமும் சொல், மறைக்காதே. புதுக் கேமராவில் பிலிமை நீயே மாட்டு. கழுவுகிற ஆசை வந்தால் இரண்டு மருந்தையும் இரண்டு விதமான பாட்டிலில் வை. வெளியே உட்கார்ந்து ஒருத்தர் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. உனக்கு எப்போதும் உள்ள ஆசியோடு இந்தத் தடவை உன் அம்மாவின் ஆசியும் சேர்த்து. அவளிடம் சொல்லிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னது இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற நாளில் உண்மையாகிவிடும்.

மறந்துவிடாதே, இரண்டு உறைகளையும் பகல் வெளிச்சத்தில் பிரி. வெள்ளை உறையில் இருப்பது இப்போது புதிதாக நான் கழுவியது. பழைய பழுப்பு உறை அம்மாவுடையது, அவள் விட்டு வைத்திருந்த இடத்தை நிரப்பிவிட்டேன், கை நடுங்கியதால் எழுத்துக் கோணலாக இருக்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்து சன்னலுக்கு நேராகப் பிடி. நடுவில் பார்க்காதே, இரண்டிலும் ஒன்றுமில்லை. ஓரத்தைப் பார்.

அன்றைக்குக் குமிழ் சுற்றியது கண்ணு. நீ பார்த்தது சரி.

இப்படிக்கு,
அப்பா